ஆறாவது பிடி

ஐந்தாவது பிடி வரைக்கும் சின்னவள் தைரியசாலிதான். ஆறாவது பிடியை நிமிர்ந்து பார்த்தால் போதும், கால் அங்கேயே நின்றுவிடும்.

அது சுவர் ஏறக் கற்றுத்தரும் கூடம். மூன்று மாடி உயரச் சுவர். அதில் உருளைக்கிழங்கு மாதிரி வண்ண வண்ணமாகப் பிடிகள். ஏறுகிறவர் இடுப்பில் ஒரு வார். அந்த வாரில் கயிறு. கயிறு உச்சிக் கம்பியைச் சுற்றிக் கீழே வரும். அதன் மறுமுனையை ஒருவர் பிடித்திருப்பார். ஏறி முடித்ததும் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, நாற்காலியில் சாய்கிற மாதிரி பின்னால் சாய வேண்டும். கயிறு பிடிப்பவர் மெல்ல இறக்கிவிடுவார்.

சின்னவளுக்குக் கயிறு பிடிப்பவர் அப்பா. பேக்கரியில் மாவு பிசையும் கை என்பதால் பிடி உடும்புப்பிடி.

ஆறு வாரமாக அவள் ஐந்தாவது பிடி வரை ஏறுவாள், கண்ணை மூடிக் கையை விடுவாள், இறங்குவாள். மறுபடி ஏறுவாள்.

"ஏய் தொடைநடுங்கி! இந்த உயரத்துக்குக் கயிறு எதுக்கு? ஒரு ஸ்டூல் போதுமே!" என்பான் அண்ணன்.

அண்ணன் குரங்கு மாதிரி ஏறுவான். பாதிச் சுவர் போய்விட்டு, "இறக்க வேண்டாம், நானே வரேன்" என்று பிடி பிடியாக இறங்கியும் வருவான். எல்லாரும் கைதட்டுவார்கள்.

அன்று முதன்முறையாக உச்சிக்கே போனான்.

"சபாஷ்! கையை விடு, இறக்கறேன்" என்றார் அவன் கயிற்றைப் பிடித்திருந்த பயிற்சியாளர் அக்கா.

அண்ணன் அசையவில்லை.

"விடுப்பா!"

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கால்கள் தையல் மெஷின் போல அடித்தன. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான். கீழே இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அக்கா சத்தமாகச் சொல்லச் சொல்ல, அவன் இன்னும் இறுக்கமாகப் பிடித்தான்.

சின்னவளுக்குச் சட்டென்று புரிந்தது. அண்ணன் இதுவரை ஒருமுறைகூடக் கையை விட்டதே இல்லை!

இதைக் கீழிருந்து கத்திச் சொன்னால் அவன் மானம் போய்விடும். அவள் பக்கத்துக் கயிற்றைத் தன் வாரில் மாட்டினாள். அண்ணன் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடியே அக்கா மறு கையால் முடிச்சை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"வேண்டாம்மா" என்றார் அப்பா.

"அவன் ரொம்ப பயந்துட்டான்பா. நீங்க கயிற மட்டும் விட்டுடாதீங்க."

ஐந்தாவது பிடி. ஆறாவது. பத்தாவதில் வாய் வறண்டது. அதற்கு மேல் அவள் எண்ணவில்லை. கையெல்லாம் வியர்த்து வழுக்கியது. திரும்பிப் போய்விடலாமா என்று நான்கு முறை நினைத்தாள்.

"அண்ணா."

"நீ எப்படி இங்க வந்த?" அவன் குரல் கீச்சென்றது.

"தெரியல. கீழ பாக்காத. நானும் பாக்கல."

"கை மரத்துப்போச்சு. விட்டா விழுந்துருவேன்."

"விழமாட்ட. ஒரு சாண் கீழ போவ. வயித்துல ஜில்லுனு இருக்கும். அந்த ஒரு சாண் மட்டும்தான் மோசம். அப்புறம் கயிறு பிடிச்சுக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆறு வாரமா அத மட்டும்தானே பண்றேன்? இப்ப பாரு, நான் விடறேன்."

ஆனால் அவள் கை விடவில்லை. இவ்வளவு உயரத்தில் அவளும் கையை விட்டதில்லையே! விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை.

"அண்ணா, எனக்கும் பயமா இருக்கு. சேர்ந்து விடலாமா?"

அண்ணன் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "ம்" என்றான்.

"மூணு எண்ணுவோம். ஒண்ணு... ரெண்டு..."

"இரு, இரு! மூணு சொல்லும்போதா, சொன்னப்புறமா?"

"சொல்லும்போதுடா! மூணு!"

இருவரும் கையை விட்டார்கள். ஒரு சாண் விழுந்தார்கள். வயிற்றில் ஜில்லென்றது. கயிறு பிடித்துக்கொண்டது.

அருகருகே, சுவரில் கால் வைத்து, மெல்ல மெல்ல இறங்கினார்கள். பாதி வழியில் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரை தொட்டதும், முன்பு சிரித்த பையன்களைப் பார்த்து, "பயந்துட்டேன்டா. இவதான் கூட்டிட்டு வந்தா" என்று அவனே சொன்னான்.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டார் பயிற்சியாளர் அக்கா.

"இல்லக்கா, அப்படியேதான் இருக்கு." சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். "ஆனா அவசரத்துல உச்சிக் கம்பியத் தொடாம வந்துட்டேன். அப்பா, கயிறப் பிடிங்க, தொட்டுட்டு வந்துடறேன்."

"கொஞ்சம் இரும்மா" என்று அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எனக்குக் கை நடுக்கம் நிக்கட்டும்."