பிதுக்கம்பருப்பும் என் பொங்கல் வேட்டியும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு விரல் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. செல்போனைத் தேய்க்க மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூண்டை எவனோ உரித்து விற்கிறான், வாங்குகிறார்கள். தேங்காயை எவனோ துருவி விற்கிறான், அதையும் வாங்குகிறார்கள். இப்போது பிதுக்கம்பருப்பும் பாக்கெட்டில் வந்துவிட்டது.

பிதுக்கம்பருப்பு தெரியாதா? உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது! பச்சை மொச்சையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் ஒரு அழுத்து. பருப்பு ‘புளுக்’ என்று வெளியே குதிக்கும். தோல் கையில் நிற்கும். அந்தப் பருப்பில்தான் குழம்பு. தை மாதத்தில் எங்கள் காஞ்சிபுரத்தில் அந்தக் குழம்பு மணக்காத தெரு கிடையாது.

பாக்கெட்டில் இருப்பதை எவன் பிதுக்கினான்? கை கழுவினானா? யார் கண்டது? நான் வாங்கமாட்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், காயிலிருந்து உரித்த மொச்சையைக் குவித்து வைத்திருந்தாள்.

“ரெண்டு கிலோ போடும்மா” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பெரியவரே, வீட்ல பிதுக்க ஆளு இருக்குதா? கால் கிலோ வாங்கிக்கினு போங்க. மீதியைக் குப்பையிலதான் கொட்டப்போறீங்க.”

என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.

“குவியல் மொத்தத்தையும் கட்டு!” என்றேன்.

ராத்திரி அத்தனையையும் அண்டாவில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால், ஊதிப் பெருத்து அண்டா வாய் வரைக்கும் நிற்கிறது. அது மொச்சையின் குற்றம். என் குற்றம் இல்லை.

என் மருமகள் மங்கையர்க்கரசி வந்து எட்டிப் பார்த்தாள். “என்ன மாமா, தெருவுக்கே கல்யாணச் சாப்பாடா?”

“நீ ஒரு கை பிதுக்கினால் முடிந்துவிடும்.”

அவள் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் நெய்கிற தறியில் வெள்ளைப் பட்டுப் புடவை. இன்னும் ஒரு முழம் பாக்கி. சாயங்காலம் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். என் மகன் தினகரன் வேறு வெளியூர் போயிருந்தான். மொச்சையைப் பிதுக்கினால் அதன் சாறு விரலில் ஏறிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால் வெள்ளைப் பட்டைத் தொட்டால் புடவை போச்சு.

“மத்தியானத்துக்குள்ள பிதுக்காட்டி புளிச்சிடும் மாமா” என்றாள். “திங்கிற பொருளைக் குப்பையில கொட்ட எனக்கு மனசு வராது. ஆளு கிடைக்கலன்னா நானே வரேன்.”

“அப்போ புடவை?”

“அதான் எனக்கும் தெரியல” என்று சொல்லிவிட்டு தறிக்குழியில் போய் உட்கார்ந்தாள்.

என் பேத்தி கீர்த்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிர் வீட்டுத் தனசேகரன் வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிதுக்கணுமா? எதுக்கு பெரியப்பா கஷ்டம்? ஆர்டர் போட்டா பாக்கெட்டே வீட்டுக்கு வந்துடும்.”

பக்கத்து வீட்டுப் பரமசிவம், “கழுத்து வலிப்பா” என்றான்.

“கழுத்தாலா பிதுக்கச் சொன்னேன்?” என்று கத்திவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வந்து பார்த்தால் கூடத்தில் மூன்று பிள்ளைகள். கீர்த்திதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கோடி வீட்டு லோகேஷ், தெலுங்குக்காரர் வீட்டு அனு, அனுவின் தம்பி பாலாஜி.

“ஞாயித்துக்கிழமைதானே தாத்தா, நாங்க பிதுக்குறோம்” என்றாள் கீர்த்தி.

எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. சும்மா வருமா இந்தக் காலத்துப் பிள்ளைகள்?

நான் நினைத்தது சரி. லோகேஷ் முதல் மொச்சையை அழுத்தினான். பருப்பு பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தில் ‘டப்’ என்று அடித்தது.

“டேய், சூப்பர்டா!” என்றான் பாலாஜி. அவ்வளவுதான். ஆளாளுக்கு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று மின்விசிறியில் பட்டது. ஒன்று என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. ஒன்று திறந்திருந்த கதவு வழியாகத் தறி இருந்த அறைக்குள்ளேயே போய்விட்டது.

“ஐயோ, புடவை!” என்று உள்ளேயிருந்து சத்தம்.

நல்லவேளை, தரையில்தான் விழுந்தது. என் ரத்தம் கொதித்தது.

“வெளியே போங்க! ஒருத்தரும் இங்கே நிற்கக் கூடாது!”

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். கீர்த்தியையும் முறைத்தேன். பிறகு நான் தனியாக உட்கார்ந்து பிதுக்கினேன். என் விரல் மடங்கமாட்டேன் என்றது. ஒரு டம்ளர் நிறையவில்லை. வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. மார்க்கெட்டுக்காரி சிரிப்பது காதிலேயே கேட்டது.

தறிச் சத்தம் நின்றது. மங்கையர்க்கரசி குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

“அம்மா, எழுந்திரிக்காத!” என்று கீர்த்தி ஓடினாள். “கொஞ்ச நேரம் கொடும்மா. நீ புடவையை மட்டும் பாரு.”

முதல் வேலையாகத் தறி இருந்த அறைக் கதவைச் சாத்தினாள். ஓடிப்போன பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டு, வாசலில் நான்கு பேரும் நிற்க இடம் ஒதுக்கினாள். துணி காயவைக்கும் கொடியில் நீளமாக ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டாள். அதற்குக் கீழே பெரிய தாம்பாளத்தைக் கழுவி வைத்தாள். அண்டாவையும் லோகேஷும் அவளுமாக இழுத்து வந்தார்கள்.

நான் துணியை உற்றுப் பார்த்தேன். கரையைப் பார்த்தேன்.

“அடியே! அது என் பொங்கல் வேட்டி!”

“அதான் தாத்தா சுத்தமா இருந்துச்சு. ஒரே ஒரு நாள்தானே கட்டினீங்க” என்றாள் கொஞ்சமும் பயமில்லாமல். பிறகு பிள்ளைகளிடம் திரும்பினாள். “பருப்பு வேட்டியில பட்டுத் தட்டுல விழுந்தா ரன். வெளியே விழுந்தா ரன் இல்ல. தோலோட விழுந்தா அவுட். அம்பயர் எங்க தாத்தா.”

“உங்க தாத்தாவா?” என்றாள் அனு. “அவரு யாரையுமே நம்பமாட்டாரே!”

“அதனாலதான்.”

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆனால் நான் இல்லையென்றால் இதுகள் ஏமாற்றும். அது உறுதி. நாற்காலியைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

புளுக், டப். புளுக், டப்.

“தோல் இருக்குது! அவுட்!”

“தாத்தா, அது தோல் இல்ல, நிழல்!”

“எனக்கேவா? அவுட் என்றால் அவுட்!”

சத்தம் கேட்டுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். கழுத்து வலிக்காரப் பரமசிவம் வந்து, “நான் ஒண்ணு அடிக்கறேம்பா” என்றான். கழுத்து வலி எங்கே போனது என்று கேட்டேன். அதற்குள் ஒரு கை மொச்சையை அள்ளிக்கொண்டான். தனசேகரன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வரிசையில் நின்றான். முதல் பந்திலேயே அவனை அவுட் கொடுத்தேன். நியாயமாகத்தான் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அண்டா காலி. தாம்பாளத்தில் பருப்பு மலைபோல் கிடந்தது. என் வேட்டி முழுக்கப் பழுப்புப் புள்ளி.

சாயங்காலம் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா விரித்துப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. மங்கையர்க்கரசி கீர்த்தியின் தலையை வருடிக்கொடுத்தாள்.

ராத்திரி குழம்பு கொதித்தது. பிதுக்கின எல்லோருக்கும் கிண்ணம். அதிலும் சண்டை.

“இதுக்கு தோசைதான்” என்றான் லோகேஷ்.

“எங்க வீட்ல இதைப் பிதிக்கிப் பப்புன்னு சொல்லுவோம். கேழ்வரகுக் களியோட சாப்பிட்டுப் பாரு, அப்புறம் பேசு” என்றாள் அனு.

“ரெண்டும் தப்பு, சுடுசோறு” என்றேன். யாரும் கேட்கவில்லை. யார் கேட்கிறார்கள் இந்தக் காலத்தில்?

மறுநாள் கீர்த்தி ஒரு டப்பாவில் குழம்பை ஊற்றி மூடினாள். “மார்க்கெட் அம்மாவுக்கு, தாத்தா.”

“அவளுக்கா? எதற்கு?”

“அவங்க சொன்னதாலதானே நமக்கு இவ்ளோ மொச்சை வந்துச்சு. காலையிலேர்ந்து வெயில்ல உட்காந்துக்கினு இருப்பாங்க.”

பள்ளிக்கூடம் விட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். அந்த மார்க்கெட்டுக்காரிக்குக் காட்டத்தான் நானும் அந்தப் புள்ளி வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

மார்க்கெட்டுக்காரி டப்பாவைத் திறந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

“நல்லா இருக்குது பெரியவரே. பாக்கெட் பருப்பா?”

“பாக்கெட்டா? பார்! இந்த வேட்டியைப் பார்! மொத்தமும் பிதுக்கினோம். ஒன்றைக்கூடக் கொட்டவில்லை!”

அவள் வேட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “காப்பி கொட்டிக்கினீங்களா?” என்றாள்.

இவர்களிடம் என்ன பேசுவது? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

“தாத்தா, நில்லுங்க! அவங்க சும்மா கிண்டல் பண்றாங்க. டப்பாவை வழிச்சுச் சாப்பிட்டுக்கினு இருக்காங்க, திரும்பிப் பாருங்க!” என்று கீர்த்தி பின்னாலேயே ஓடிவந்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை.