தூதர் மேல் விழுந்த வாள்

அந்தி மயங்கும் வேளையில் பெண்ணையாற்றின் நீர்ப்பரப்பு உருக்கி வார்த்த செம்பொன்னெனத் தகதகத்தது. கரையோரம் கருங்குன்றுபோல் நின்ற ஆனைமேட்டுக் கோட்டையைப் பல திங்களாக முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத சினத்தில் தன் கூடாரத்தின் முன் உலவிக்கொண்டிருந்தான் படைத்தலைவன் வயிரமேகன்.

அன்பார்ந்த வாசகர்களே, அவன் சினத்துக்கு அந்தக் கோட்டை மட்டும் காரணமன்று. முன்னொரு போரில் அவன் தந்தை, பகைவர் கேட்டார்கள் என்று ஓரிரவு அவகாசம் கொடுத்து, அந்த இரவிலேயே தம் படையைப் பறிகொடுத்தவர். 'கோழையின் மகன்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சத்தாலேயே வயிரமேகன் எவருக்கும் இரங்காதவனாக வளர்ந்திருந்தான்.

அப்போது கோட்டையிலிருந்து முதிய தூதர் பெருந்தேவனார், முக்காடிட்ட பணியாள் ஒருவனுடன் வெறுங்கையராய் வந்து வணங்கினார்.

"தளபதியாரே, கோட்டையை ஒப்படைக்க எம் அரசர் இசைந்துவிட்டார். பெண்டிரும் குழந்தைகளும் வெளியேற, விடியும்வரை பொறுத்தருள வேண்டும்."

அருகில் நின்ற உபதளபதி உதாரன் மெல்லச் சிரித்தான். "நம் தளபதியாரின் தந்தையாரிடமும் இப்படித்தான் கேட்டார்களாம்."

வயிரமேகன் முகம் கறுத்தது. அதை உணராத முதியவர், "தங்கள் தந்தையார் இரக்கமுள்ளவர். அதே இரக்கத்தை நம்பியே..." என்று தொடங்கினார்.

முடிக்கவில்லை. உதாரனே பதறிக் கை நீட்டினான். அதற்குள் வயிரமேகனின் வாள் முதியவர்மேல் இறங்கிவிட்டது.

பணியாளின் முக்காடு விலகியது. கோட்டையின் இளவரசி நீலமங்கை! போர் மூளுமுன் வயிரமேகன் மணப்பதாக வாக்களித்திருந்தது அவளைத்தான்.

"நீயா? தெரிந்திருந்தால்..."

"தெரிந்திருந்தால் என்னை விட்டிருப்பீர், இவரை வெட்டியிருப்பீர்," என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. "'அவர் சொல் தவறாதவர், கதவைத் திறக்கலாம்' என்று என் தந்தையிடம் மன்றாடியவள் நான். என்னை நம்பித்தான் இவர் வாளில்லாமல் வந்தார்."

"நான் கோழையல்லன், நீலமங்கை."

"வெறுங்கையோடு நின்ற கிழவரின் ஒரு சொல்லுக்கு நடுங்கினீரே, அதற்கு வேறென்ன பெயர்? கேளும். இனி அந்தக் கதவு உமக்குத் திறக்காது. எங்களில் கடைசி ஆள் பசியால் சாயும்வரை மதில்மேல் நானே நிற்பேன். இவர் குருதிமேல் ஆணை."

"பிடியுங்கள் இவளை," என்று கர்ஜித்தான் வயிரமேகன்.

ஒருவனும் அசையவில்லை. உதாரன் தன் வாளைக் கழற்றி முதியவரின் காலடியில் வைத்தான். பிறகு அவனும் வீரர்கள் சிலரும் அவர் உடலைத் தோளில் ஏந்தி இளவரசியின் பின்னே நடந்தார்கள். கோட்டைக் கதவு திறந்தது. அவளையும் அவர் உடலையும் வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது.

சுமந்து சென்றவர்கள் பாசறைக்குத் திரும்பவில்லை. நேரே ஆற்றில் இறங்கித் தங்கள் ஊர் நோக்கிப் போனார்கள். அதைக் கண்ட மற்றவர்களும், தளபதியின் முகத்தைப் பாராமலே, கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.