ஆலீசின் பெயரில் ஒரு வாய்

பிரெஞ்சுத் தலைநகரின் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு நடந்து வந்தபோது, ஜெனிற்றாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கட்டில்தான். சாட் நாட்டில், ஊட்டமில்லாமல் வாடிய குழந்தைகளுக்கான வார்டு ஒன்றில் கோடை முழுவதும் தொண்டு வேலை செய்துவிட்டு வருகிறாள். நல்ல காரியம்தான். ஆனால் அலுப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. லிப்ட் இல்லாத மாடிப்படிகளில் யாரோ வீட்டு மீன்குழம்பு மணத்தது. கணவன் றெமிஜியஸ் கதவைத் திறந்து பெட்டியை வாங்கினான். அவன் பின்னால் நின்ற மகள் ஆலீசைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிந்தது.

“என்னப்பா, பிள்ளை இப்பிடி மெலிஞ்சுபோனாள்?”

“எனக்கும் விளங்கேல்லை. சோத்துக் கோப்பையிலை ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறேல்லை. டொக்டரிட்டையும் காட்டிட்டன். ஒரு வருத்தமும் இல்லையாம்.”

மறுநாள் பின்னேரம் மழை. கீழே தண்டவாளங்களில் ரயில்கள் உரசிக்கொண்டு போயின. றெமிஜியஸ் ரெஸ்ரோரண்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஜெனிற்றா சோற்றில் பருப்பை ஊற்றி மகளின் முன்னால் வைத்துவிட்டு உப்பு எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான். மறுபடி பார்க்கையில் கோப்பை வெறுமையாகக் கிடந்தது.

ஆலீசின் உதடுகள் உலர்ந்திருந்தன.

“ஆர் சாப்பிட்டது?”

“செ பா முவா,” என்றாள் பிள்ளை. தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். நானில்லை என்கிறாள்.

அப்போது ஒரு மணம் வந்தது. சூடேறிய புழுதி, சவர்க்காரம், மருந்துப் பால். வார்டின் மணம்.

ஜெனிற்றாவின் கை தானாகக் கதிரையைப் பிடித்துக்கொண்டது.

அங்கே ஹலிமே என்றொரு சின்னப் பெண் இருந்தாள். கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நம் தாய்மார் செய்வதைத்தான் ஜெனிற்றாவும் செய்தாள். பக்கத்தில் இல்லாதவர்களின் பெயரைச் சொல்லி ஊட்டினாள். அப்பாவுக்கு ஒரு வாய், மாமிக்கு ஒரு வாய். ஆலீஸ் என்ற பெயருக்குத்தான் அந்த வாய் திறந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கரண்டியும் ஆலீசுக்குத்தான். ஆனாலும் ஹலிமே பிழைக்கவில்லை. கொண்டுவந்தபோதே காலம் கடந்துவிட்டதென்று அங்குள்ள தாதி ஆறுதல் சொன்னாள். பாவம், ஆலீசுக்கு என்றால் தனக்குத்தான் என்று நம்பியே அந்தக் குழந்தை போயிருக்கிறது.

இங்கேயும் ஆலீசுக்கு வைப்பதைத் தனக்கென்றுதான் எடுக்கிறது. பிழை குழந்தையில் இல்லை. அதற்கு அதனுடைய பெயரில் கொடுக்க வேண்டும்.

பானையிலிருந்த மிச்சச் சோற்றைக் குழைத்து ஓர் உருண்டை பிடித்தாள். காலியான கதிரையின் பக்கம் நீட்டினாள்.

“இது ஹலிமேக்கு.”

விரல்நுனியில் உதடுகள் பட்டன.

சின்ன, குளிர்ந்த உதடுகள். உருண்டை போய்விட்டது. ஜெனிற்றா அலறவில்லை. அலறுவதற்கும் தெம்பு வேண்டுமே. அழுகைதான் வந்தது.

“திண்டிட்டியா குஞ்சு? இனிப் போய்ப் படு.”

அடுத்த உருண்டையை மகளிடம் நீட்டினாள். “இது ஆலீசுக்கு. ஆ காட்டு.”

ஆலீஸ் வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கினாள். எத்தனை நாளைக்குப் பிறகு! ஜெனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள்.

“இதுவும் ஆலீசுக்கு.”

உருண்டை பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை.

வேறு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஜெனிற்றாவின் முழங்கையருகே ஒரு மூச்சு. மேசைக்கு அப்பால் இன்னொன்று. முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இருமல்.

ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஹலிமேக்கு மட்டுமா அப்படி ஊட்டினாள்? ஒருத்தி வாய் திறந்துவிட்டாளென்று, கட்டில் கட்டிலாகப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாள். ஆலீசுக்கு ஒரு வாய், ஆலீசுக்கு ஒரு வாய். விடியும்போது சில கட்டில்கள் காலியாக இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்ள அவளுக்கு அங்கே நேரமே இருக்கவில்லை.

“மமான்,” என்று ஆலீஸ் தாயைத் தீனமாகக் கூப்பிட்டாள்.

ஜெனிற்றா கடைசிச் சோற்றை உருட்டி எடுத்தாள்.

“இது...”

யாருக்கென்று சொல்ல அவளிடம் ஒரு பெயரும் இல்லை.

மேசையைச் சுற்றி வாய்கள் திறக்கும் சத்தம் கேட்டது.