தண்ணீர் விலகிய இடம்

உப்பு நீக்கிய தண்ணீரைக் குழாயால் பீய்ச்சினால் அலுமினிய உருளையின் உட்சுவரில் அது ஒரே விரிப்பாக இறங்க வேண்டும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் விலகி வழிந்தது; பிசுக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. நாகஜோதி மறுபடி பீய்ச்சினாள். அதே இடம். ஓர் உள்ளங்கை அகலம்.

தேனிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட பட்டறை அது. ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பெரிய அந்த உருளையிலிருந்து பிறகு காற்றையெல்லாம் உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். உள்ளே கைப்பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் அது வாயுவாகக் கசிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் வெறுங்கை படவே கூடாது. ஒருவர் உள்ளே அசிட்டோனால் துடைக்கும்போது இன்னொருவர் உருளையின் வாயிலைவிட்டு நகரவும் கூடாது. அந்த நெடி ஆளைச் சாய்த்துவிடும்.

போன மாதம் துடைத்தவர் பால்பாண்டி. வாயிலில் நிற்க வேண்டியவள் இவள். போன் வந்தது, வேப்பமரத்தடிக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் பேசினாள். திரும்பி வந்தபோது அவர் குப்புறக் கிடந்தார், கையுறை கழன்றிருந்தது, மூச்சில்லை. வாயிலைவிட்டு நகரவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவர் மனைவி மலையம்மாள்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அவுக ஒன்னியக் கூப்பிட்டாகளா ஆத்தா?"

"இல்ல மதினி. கூப்பிட்டிருந்தா விட்டிருப்பேனா?"

அன்றிலிருந்து நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை.

சோப்பு போட்டு, அமிலம் போட்டு, மூன்றாம் முறை அலசினாள். மலைக்காற்று தகரத்தை விடாமல் உலுக்கியது. இப்போது நான்கு உள்ளங்கைத் தடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, வாயிலை நோக்கி. வலது கைத் தடங்களில் ஆள்காட்டி விரல் பாதிதான். பால்பாண்டி அண்ணனுக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நசுங்கிப் போன விரல்.

சூப்பர்வைசர் ஈஸ்வரபாண்டி பின்னால் வந்து நின்றார்.

"எவனோ வெறுங்கையை வச்சிருக்கான். அன்னைக்கு நீ இங்கனயேதான நின்ன?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"இங்கனயேதான்ணே நின்னேன்."

"அப்ப இன்னொருக்க அலசு." அவர் போய்விட்டார்.

காற்று நின்றது. அசிட்டோன் நெடி. டப்பா மூடித்தான் இருந்தது.

குனிந்து பீய்ச்சினாள். தண்ணீர் பரவியது. முழுசாக. ஒரு கீற்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகு தண்ணீர் விலகியது. வாயிலின் விளிம்பில். அவள் முகத்துக்கு நேரே. நெற்றி. மூக்கு. இரண்டு கண்குழிகள். அதற்குக் கீழே வாய். திறந்தது. மூடியது. 'ஜோதி' என்று அண்ணன் கூப்பிடும்போது எப்படி அசையுமோ, அப்படி.

குழாயை மூடினாள். கடைசித் துளியும் வழிந்து சுவர் காய்ந்தது.

வாய் அசைவது நிற்கவில்லை.