ஏழாம் அத்தியாயம் யாருடையது?

பிணம் குப்புற மிதந்தது!

முந்தல் இறால் பண்ணை முதலாளி செய்னுலாப்தீன். தண்ணீரைக் கலக்கும் மோட்டரின் வயரை யாரோ உரித்துக் குளத்துக்குள் போட்டிருந்தார்கள்.

அச்சு அசலாக... ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயம்!

அட்டையில் இருந்த பெயர் நௌஃபர். புத்தளத்தில் அச்சகம் வைத்திருப்பவர். பத்து மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் கிளைட்டன் முன்னால் கைகட்டி நின்றார்.

"வல்லாஹி, நான் எழுதல்ல சேர். அது ஷிம்லாட கதை. அவவும் ஏஐய வெச்சுத்தான் எழுதின."

"ஒவ்வொரு வரியும் நானே எழுதினதெண்டு கோர்ட்டுக்குச் சத்தியக் கடதாசி குடுத்திருக்கிறீங்களே?"

நௌஃபர் அழுதேவிட்டார். திருடனென்று ஒப்புக்கொண்டால்தான் உயிர் தப்பும் நிலைமை. பாவம்!

ஷிம்லாவை அழைத்தார்கள். பண்ணைக் கந்தோரில் வேலை பார்த்தவள். மூன்று வருடம் உயிரைக் கொடுத்து எழுதிய நாவல் அது. கந்தோர்க் கம்ப்யூட்டரிலிருந்து அதை நௌஃபருக்குக் கொடுத்ததே செய்னுலாப்தீன்தான். உரிமை கேட்டு வழக்குப் போட்டாள். வேலை போயிற்று. ஆறு மாதமாகப் பண்ணைக்குள் கால் வைக்கவில்லை என்றாள்.

கிளைட்டன் கொட்டாவி விட்டார். எல்லாம் ஏஐ செய்த வேலை, புத்தகத்துக்குச் சொந்தக்காரரே இல்லை, நௌஃபர் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"ஆனா ஒரு இடம் நல்லா இருக்கு. கொலைகாரன் போற அவசரத்திலயும் வாசல் தொட்டியில கால நனைக்கிறான். ஏஐக்கு நல்ல மூள."

இறாலுக்கு நோய் தொற்றாமல் இருக்க, பண்ணை வாசலில் கொண்டிஸ் மருந்து கரைத்த தொட்டி இருக்கும். வெறுங்காலை அதில் நனைக்காமல் பண்ணை ஆட்கள் உள்ளே போவதில்லை.

ஷிம்லா எழுந்துவிட்டாள். மூன்று வருடம்... மெஷினுக்கா பெயர்? அவளால் தாங்க முடியவில்லை.

"ஏஐ அவன நேரா குளத்துக்குத்தான் அனுப்பின. தொட்டிய எழுதின நான் சேர். இந்தா பாருங்க."

போனை நீட்டினாள். ஒவ்வொரு திருத்தமும் திகதியோடு இருந்தது.

"அப்ப கதை உங்கடதான்."

"ஓம், என்ட." கண்ணீரோடு சிரித்தாள்.

"தொட்டியிலயிருந்து குளம் வரைக்கும் கபில நிறத்தில கால் தடம் கிடக்கு. நௌஃபர் பண்ணைப் பக்கமே போனதில்ல. செருப்பைக் கழட்டுங்க தங்கச்சி."

சிரிப்பு நின்றது.

மெல்லக் கழற்றினாள். இரண்டு உள்ளங்காலிலும்... கழுவினாலும் நாலு நாளைக்குப் போகாத பழுப்புக் கொண்டிஸ் கறை! கொலை செய்யப் போன இடத்திலும் பழக்கம் விடவில்லை.

"சேர்... நௌஃபரே எழுதினதெண்டு போடுவமா?"

கிளைட்டன் விலங்கை எடுத்தார்.

"பயப்படாதீங்க. கதையும் உங்கட, கொலையும் உங்கட. ஏஐக்கு ஒரு பங்கும் குடுக்க மாட்டன்."