அலையெண்ணுக்குக் காத்திருந்தவர்கள்

செவ்வாய்க் குடியேற்றத்தில் பிள்ளை பெற யாரும் வலியெடுத்துப் படுப்பதில்லை. கருப்பேழையில், ஊட்டநீருக்குள் மிதந்து வளர்ந்து முற்றியதும் பொத்தானை அழுத்தித் திறக்க வேண்டியதுதான். திறந்த கணமே பிள்ளையின் மணிக்கட்டில் குடியெண் பதிந்துவிடும், வரிசைப்படி.

அன்றைக்குக் கூடத்தில் இரண்டு பேழைகள் தயாராக இருந்தன. ஒன்று பூவிழியுடையது, மற்றது எதிர்வீட்டு நஞ்சப்பனுடையது. திறக்கத்தான் ஆளில்லை. அடுத்த எண் 4848483 என்று சுவரில் மின்னிக்கொண்டிருந்தது. அதற்கடுத்தது 4848484, நாலும் எட்டும் மாறிமாறி வரும் அலையெண். அலையெண்காரருக்கு வாழ்க்கை தடங்கலில்லாமல் ஓடுமாம். வரன் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். பனிப்பள்ளத்தில் விழுந்து காலொடிந்த மேற்பார்வையாளருக்கும் அலையெண்தான். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஆக, முந்துகிறவருக்கு வெறும் எண்.

"நீ மொதல்ல திற தங்கச்சி. பொம்பளைக்கு வழி விடணும்ல," என்றார் நஞ்சப்பன். தண்ணீர் வரிசையில்கூட வழி விடாத மனிதர்.

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் முந்தலாமா அண்ணே?" பூவிழியும் லேசுப்பட்டவள் இல்லை.

செவிலி எந்திரம் மறுபடியும் எச்சரித்தது. "ஊட்டநீர் குறைகிறது. இனியும் தாமதிப்பது நல்லதல்ல."

"ஏய் தகரம், சும்மா கிட," என்றார் நஞ்சப்பன்.

பூவிழி பேழைக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில் உதைத்துக்கொண்டிருந்த கால் இப்போது அசையவில்லை. உதடு நீலம் பாரித்திருக்கிறதா, இல்லை விளக்கு வெளிச்சமா? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நஞ்சப்பன் இறங்கி வருவார். வராவிட்டால்?

"எண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம்," என்று பொத்தானை அழுத்தினாள்.

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு வீலென்று அழுகை. மணிக்கட்டில் 4848483. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

நஞ்சப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தம் பொத்தானை அழுத்தினார். பிள்ளை அழுதது. எண் 4848485.

"எண்பத்திநாலு எங்க போச்சு?"

"நான் எடுத்துக்கொண்டேன்," என்றது செவிலி. பணி நிரந்தரமான எந்திரங்களுக்கும் அதே வரிசையில்தான் எண்ணாம். அதற்கு இன்னும் பதியாமல் இருந்ததாம். "பிள்ளையைவிட அதைப் பெரிதாக நினைத்தீர்களே, நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும்?"

நஞ்சப்பன் திட்டப்போகிறார் என்று பூவிழி நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

"அம்மா, உங்க கையால புள்ளைய ஒரு தடவை தொட்டுக் குடுங்க. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல," என்று எந்திரத்தைக் கும்பிட்டார்.

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, தன் பிள்ளையை ஏந்தியபடி, அவரை முந்திக்கொண்டு போய் நின்றாள்.