தெரியக்கூடாத திறப்பு

“திறப்பு எங்கையெண்டு கேக்கிறன், தவம்! காது கேக்கேல்லையோ?”

“எனக்குத் தெரியாது மச்சாள்...” தவமலர் கணவனின் அக்கா மேரிசாந்தியிடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றினாள். வேலைக்குப் போகும் முன்பே உடம்பு அலுத்திருந்தது.

லண்டன் செவன் கிங்ஸில் இருந்த அந்தச் சின்ன வீட்டில், படிக்கட்டின் கீழே ஓர் இரும்புப் பெட்டி சுவரோடு இறுக்கப்பட்டிருந்தது. அதன் சாவியைத்தான் மச்சாள் கேட்டாள். அவள் கணவன் கஸ்பருக்கு, சுவிஸில் இருந்தபோது பழகிய ஒரே பொழுதுபோக்கு, பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடுவது. அந்தத் துப்பாக்கிக்கான பெட்டி அது. செங்கல் சுவரில்தான் பொருத்த வேண்டும் என்று பொலிஸார் சொன்னார்கள். மற்றச் சுவர்களோ வெறும் பலகை. மாதா சொரூபம் இருந்த இடத்தைத் தவமலர் விட்டுக்கொடுத்தாள். மாதா இப்போது பிரிட்ஜின் மேல் நின்றாள்.

தெருவில் நகைக் களவு நடந்ததும், கஸ்பர் தன் அக்கா மேரிசாந்தியின் அட்டியலையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டான். இன்று கிங்ஸ்பரியில் கல்யாணம். பேக்கரியில் இரவு ஷிப்டுக்குப் போன கஸ்பர் போனை எடுக்கவில்லை.

“பதினேழு வருசமாக் குடும்பம் நடத்திறாய்... புருசன்ர திறப்பு தெரியாதோ! செத்துப்போன மனுசன் எனக்கு வாங்கித் தந்தது அது. அதிலை கண் வைச்சிட்டனெண்டு சொல்லன்!”

“ஐயோ மச்சாள்! துவக்குக்காரருக்கு மட்டுந்தான் திறப்பிருக்கிற இடம் தெரியலாமெண்டு சட்டமாம்...”

“நல்ல கதை! கள்ளிக்கும் ஒரு சட்டம்!”

அந்தச் சொல்லில் தவமலரின் கை நின்றுபோனது.

ஒன்பது மணிக்குக் கஸ்பர் வந்தான். கூடவே, லைசென்ஸைப் புதுப்பிக்க வீடு பார்க்க வந்த பொலிஸ் அதிகாரி. அவர் முதலில் கேட்டது தவமலரைத்தான். திறப்பு எங்கே இருக்கிறது?

“தெரியாது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மச்சாளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பெண்களை முன்னறைக்கு அனுப்பிவிட்டுக் கஸ்பர் பெட்டியைத் திறந்தான். அதிகாரி சிவப்பு நகைப்பெட்டியைக் கண்டு முகம் சுளித்தார். இன்னொருவரின் பொருள் உள்ளே இருந்தால் இன்னொருவர் திறப்பைத் தேடுவார், இதை உடனே வெளியே எடுங்கள் என்றார். மனைவிக்கு இடம் தெரிந்திருந்தால் இன்று கையெழுத்திட்டிருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கஸ்பர் அட்டியலைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான். தவமலரின் கண்கள் சிவந்திருந்ததை அப்போதுதான் கண்டான்.

“தவத்தை ஏசினனீங்களோ அக்கா? போன வருசம் என்ர கோட்டைத் தோய்க்கேக்கை பொக்கற்றுக்குள்ளை இருந்த திறப்பு அவளின்ர கையிலை வந்தது. ‘வேற இடத்திலை ஒளியுங்கோ, எனக்குச் சொல்லாதேங்கோ’ எண்டு அண்டைக்கே தந்திட்டாள்!”

மேரிசாந்தி உடைந்து போனாள். “என்ர நாக்கு அழுகிப்போக... என்னை மன்னிச்சுக்கொள்ளடி!” என்று தவமலரைக் கட்டிக்கொண்டாள். “இனி இதை நீயே வைச்சிரு. என்ர அலுமாரித் திறப்பையும் தாறன்!”

தவமலர் அவளுடைய கண்ணைத் துடைத்து, அட்டியலைக் கழுத்தில் மாட்டிக் கொக்கியை இறுக்கினாள்.

“எனக்கு ஒருத்தற்ற திறப்பும் வேண்டாம் மச்சாள்... களைச்சுப்போனன். கல்யாணத்துக்குப் பிந்துது, போட்டு வாங்கோ.”

பிறகு குசினிக்குள் போய், ஆறிப்போன தேநீரோடு அன்று முதல் தடவையாக உட்கார்ந்தாள்.